எத்தனை அங்குலம் என்று கேட்கும் முன்: ஃபோல்சம் வட்டாரத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவின் ஃபோல்சம், எல் டொராடோ ஹில்ஸ், ரோஸ்வில், சாக்ரமெண்டோவின் நட்டோமாஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், குறிப்பாக நம் வாட்ஸ்அப் குழுக்களை நடத்தும், பனிச்சுற்றுலா ஏற்பாடு செய்யும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

நவம்பர் பிறந்துவிட்டால் நம் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்று, மலைமேல் இருக்கும் டாஹோ ஏரிக்குப் போவது பற்றி: "டாஹோவில் மூன்றடி பனி விழப்போகுதாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் யார் வர்றீங்க?" இன்னொன்று, "வெயில் அடிக்கிற நாளில் ஃபோல்சம் அணையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். கோடையில் புல்லுக்கு ஊற்றினால் கண்டிப்பு, இப்போது அத்தனையும் கடலுக்கு." முதல் செய்தியைப் பார்த்தால் எனக்குப் பயம் வருகிறது. இரண்டாவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மலையில் குளிர்காலத்தில் அடிக்கும் புயல்களையெல்லாம் ஒரே சரக்கு என்று நினைத்துக்கொண்டு, அளவை மட்டும் பேசுகிறோம்.

அளவு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வருவது எந்த வகைப் புயல், எந்த உயரம் வரை அது மழையாக விழும் என்பது. இதைக் கேட்கும் பழக்கத்தை நம் குழுக்களில் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கடற்கரை மலைகளில் கொஞ்சம் கொட்டிவிட்டு, நாம் இருக்கும் பள்ளத்தாக்கைத் தாண்டி, சியரா நெவாடாவில் போய் முட்டுகிறது. ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடர். மேற்குச் சரிவு மெல்ல மெல்ல ஏறும், கிழக்குச் சரிவு சட்டென்று இறங்கும். காற்று ஏற ஏறக் குளிர்கிறது, குளிரக் குளிர அதில் இருக்கும் ஈரம் மழையாகவோ பனியாகவோ வெளியே வருகிறது. சாக்ரமெண்டோவில் ஆண்டுக்கு 18 முதல் 20 அங்குலம். 80ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கும் புளூ கேன்யனில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மலையைத் தாண்டி ரீனோவுக்குப் போனால் 7 அங்குலம்தான். வால்பாறையில் கொட்டித் தீர்த்த மேகம் பொள்ளாச்சி தாண்டி வரும்போது கையை விரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் வால்பாறையில் இல்லாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. விழுவது மழையா பனியா என்பது. காற்றில் எவ்வளவு ஈரம், எவ்வளவு வேகம், மலையில் எந்தக் கோணத்தில் முட்டுகிறது என்பவை அளவைத் தீர்மானிக்கின்றன. சியரா வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதால் தென்மேற்குக் காற்று நேர்க்குத்தாக முட்டி அதிகம் கொட்டும். உருவத்தைத் தீர்மானிப்பது வெப்பம். வானிலை அறிக்கையில் 'ஸ்னோ லெவல்' என்று ஓர் எண் அடியில் கொடுத்திருப்பார்கள். பனிமட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே பனி, கீழே மழை. காற்றின் வெப்பம் உறைநிலையைத் தொடும் உயரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி கீழே இது இருக்கும், ஏனென்றால் விழும் பனித்துகள் உருகி முடிக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும்.

இந்த எண்ணை நமக்குத் தெரிந்த 50ஆம் நெடுஞ்சாலையில் பொருத்திப் பாருங்கள். பிளாசர்வில் 1,900 அடிக்குப் பக்கம். பொல்லாக் பைன்ஸ் 4,000. ஸ்ட்ராபெரி 5,700 வாக்கில். எக்கோ சம்மிட் 7,380. அங்கிருந்து இறங்கினால் டாஹோ ஏரி 6,225. பனிமட்டம் 3,000 அடி என்றால் பிளாசர்வில்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வெள்ளைச் சாலை ஆரம்பம். 8,000 அடி என்றால் எக்கோ சம்மிட்டிலேயே மழை, ஏரிக்கரையிலும் மழை. குழந்தைகளுக்கு வாங்கிய சறுக்குப் பலகையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வரலாம்.

அப்படி 8,000, 9,000 அடிக்குப் பனிமட்டத்தை ஏற்றுவது வெப்பமான வளிமண்டல ஆறுகள். ஹவாய்ப் பக்கத்து வெப்பக்கடலில் இருந்து சில நூறு கிலோமீட்டர் அகலத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் வரும் நீராவிப் பட்டை. இங்குள்ளவர்கள் இதைச் செல்லமாகப் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்கிறார்கள். செல்லம் கொஞ்சும் ஆள் இல்லை அது. வலுவான ஒரு வளிமண்டல ஆறு நீராவியாகச் சுமக்கும் நீர், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் ஓடும் நீரைப்போலப் பல மடங்கு. கலிபோர்னியாவின் ஆண்டு மழைப்பொழிவில் 30 முதல் 50 விழுக்காடு இவற்றால்தான் வருகிறது, அதுவும் ஆண்டில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில நிகழ்வுகளில். அதனால் இவை எதிரி என்று சொல்ல வரவில்லை. இவை வராத ஆண்டு வறட்சி ஆண்டு.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. எந்தப் புயலுக்குப் பின் எந்தப் புயல் வருகிறது என்பதில். 1996 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டிக் குளிர்ந்த புயல்கள் மலையில் நல்ல பனிமூட்டை (தரையில் அடுக்கடுக்காகத் தங்கி நிற்கும் பனி) சேர்த்து வைத்தன. அப்புறம் மாதக் கடைசியில் வெப்ப மண்டல ஈரத்தோடு அடுத்தடுத்துப் புயல்கள் வந்தன. உயர்ந்த சிகரங்களைத் தவிர எங்கும் மழை. 1997 ஜனவரி முதல் வாரத்தில் ஃபெதர் ஆற்றின் கரை உடைந்தது, யோசமிட்டி பள்ளத்தாக்கு மூழ்கி மார்ச் நடுப்பகுதி வரை மூடப்பட்டது, மலைக்கு அந்தப் பக்கம் ட்ரக்கி ஆறு ரீனோ நகருக்குள் புகுந்தது. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதே மாதக் கடைசியில், நனைந்து ஊறிய மலைச்சரிவு ஒன்று கைபர்ஸ் பக்கத்தில் சரிந்து 50ஆம் நெடுஞ்சாலையை ஏறக்குறைய ஒரு மாதம் மூடிவிட்டது.

"மழை பனியை உருக்கிவிட்டது" என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், வேறு கதை வருகிறது. 5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 25 மில்லிமீட்டர் மழை பனியின்மேல் விழுந்து, தன்னிடம் இருக்கும் வெப்பம் முழுவதையும் கொடுத்துவிட்டால்கூட உருகுவது 2 மில்லிமீட்டர் நீருக்கும் குறைவு. மழைத்துளி ஏழை. பணக்காரன் காற்று. ஈரம் நிறைந்த வெப்பக்காற்று வேகமாகப் பனியின் மேல் வீசும்போது, அதிலுள்ள நீராவி பனிப்பரப்பில் படிந்து நீராகிறது. அப்படிப் படியும் ஒவ்வொரு கிலோ நீராவியும் வெளியிடும் வெப்பம் ஏழு கிலோவுக்கு மேல் பனியை உருக்கப் போதும். ஆகவே காற்றில்லாத மழை நாளைவிட, சூறைக்காற்றோடு கூடிய புழுக்கமான மழை நாள்தான் பனிக்கு எமன். அதைவிட முக்கியமான இன்னொன்று, பனியாக மலையிலேயே தங்கியிருக்க வேண்டிய நீர் மழையாக விழுந்து அன்றைக்கே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. வெள்ளத்தின் பெரும்பங்கு பெரும்பாலும் அந்த மழைதான். உருகிய பனி மேல்வரும்படி.

எல்லாப் பனிமூட்டையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த, உலர்ந்த, நன்றாகக் குளிர்ந்த பனி முதல் மழையைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். ஏற்கெனவே உறைநிலைக்கு வந்து ஈரம் கோத்து நிற்கும் பனி ஒரு துளியையும் பிடித்து வைக்காது, மேலே விழுந்ததை அப்படியே கீழே அனுப்பும். ஆகவே டிசம்பரில் பனியிலேயே தங்கிவிடும் மழையும் மார்ச்சில் ஆற்றுக்கு ஓடிவரும் மழையும் ஒரே அளவாக இருக்கலாம்.

மலைத்தொடர் முழுவதும் ஒரே உயரம் இல்லை. வடக்கே ஃபெதர் ஆற்றின் நீர்ப்பிடிப்பு தாழ்ந்தது, பெரும்பகுதி 7,000 அடிக்குள் அடங்கிவிடும். தெற்கே போகப் போக உயர்ந்து 14,505 அடி விட்னி சிகரம் வரை போகிறது. பனிமட்டம் 8,000 அடியில் இருக்கும் ஒரே புயல் தெற்கே உயர்ந்த பகுதிகளுக்கு நல்ல பனிப்புயல், வடக்கே ஓரவில் அணைக்குக் கிட்டத்தட்ட முழு மழை. 2017 பிப்ரவரியில் ஓரவில்லில் உபரிநீர் வழி உடைந்து, 12ஆம் தேதி 1,88,000 பேரை வெளியேறச் சொன்ன செய்தி பலருக்கும் நினைவிருக்கும். உடைந்ததற்குக் காரணம் கான்கிரீட்டும் பராமரிப்பும். ஆனால் ஏரி அவ்வளவு வேகமாக ஏறியதற்குக் காரணம் அந்த வெப்பமான மழை.

வளிமண்டல ஆறுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடும் முறை 2019இல் வந்தது. இப்போது தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுகிறார்கள், நம் குழுக்களிலும் அந்த வண்ணப்படம் வருகிறது. நல்ல முறைதான். ஆனால் அது காற்று எவ்வளவு நீராவியை எவ்வளவு வேகமாகச் சுமந்து வருகிறது என்பதையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் மட்டுமே அளக்கிறது. பனிமட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. குளிர்ந்த 'மூன்று' நமக்குக் கோடைக்காலச் சேமிப்பு. வெப்பமான 'மூன்று' பனிமூட்டையின் மேல் வந்தால் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குத் தலைவலி. அந்தப் படத்தை மட்டும் அனுப்புகிறவர்கள் பாதிச் செய்தியைத்தான் அனுப்புகிறார்கள்.

சரி, குளிர்ந்த புயல்களுக்கு வருவோம். இவை அலாஸ்கா வளைகுடாப் பக்கமிருந்து இறங்குபவை. சுமக்கும் ஈரம் குறைவு. ஆனால் பனிமட்டம் 2,000, 3,000 அடிக்கு வந்துவிடும், சில சமயம் இன்னும் கீழே. ஈரம் குறைவாக இருந்தும் பனி ஏன் மலைபோல் குவிகிறது என்றால், குளிர்ந்த பனி லேசானது. ஓர் அங்குல நீர் வெப்பமான புயலில் ஆறேழு அங்குலக் கெட்டிப்பனி ஆகும். அதைத்தான் பனிச்சறுக்குக்காரர்கள் 'சியரா சிமெண்ட்' என்று அலுத்துக்கொள்கிறார்கள். அதே ஓர் அங்குல நீர் நல்ல குளிரில் 15 அங்குலம் வரை பஞ்சுப்பனியாகும். அதனால் "மூன்றடி பனி" என்ற செய்தியில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கூரைமேல் எவ்வளவு பாரம் ஏறும் என்பதும் தெரியாது. மலையில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிக்கவும். பஞ்சுப்பனி மூன்றடியைத் தாங்கும் கூரை, அதன்மேல் மழை பெய்து ஊறினால் தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு வேறுபாடு மலையைத் தாண்டும் விஷயத்தில். மழைத்துளி வேகமாக விழும், நொடிக்குப் பல மீட்டர். பனித்துகள் நொடிக்கு ஒரு மீட்டர்தான், மிதந்து மிதந்து இறங்கும். பலத்த மேற்குக் காற்றில் அது சிகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுகிறது. அதனால் குளிர்ந்த, காற்று பலமான புயலில் ட்ரக்கிக்கும் டாஹோவின் கிழக்குக் கரைக்கும் பங்கு கூடுகிறது. வெப்பமான புயலில் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே, அதாவது நம் ஃபோல்சம் ஏரிக்கு மேலே இறங்கிவிடுகிறது.

2021 டிசம்பர் நினைவிருக்கிறதா? சோடா ஸ்பிரிங்ஸில் பெர்க்லி பல்கலைக்கழகம் நடத்தும் பனி ஆய்வகத்தில் அந்த ஒரு மாதத்தில் 17 அடிக்கும் மேல் பனி. அவர்கள் கணக்கில் அதற்கு முன் எந்த டிசம்பரிலும் அவ்வளவு இல்லை. 50, 80 இரண்டு நெடுஞ்சாலைகளும் மூடிக் கிடந்தன. வறட்சி தீர்ந்தது என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டோம். அடுத்த மூன்று மாதங்கள் வானம் வாயை மூடிக்கொண்டது, பதிவுகளிலேயே மிக வறண்ட ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் அது. ஒரு புயலை வைத்து ஆண்டைக் கணிப்பது பற்றி வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

2022-23 இதற்கு நேர்மாறு. அதே ஆய்வகத்தில் பருவம் முழுவதும் 754 அங்குலம். அதற்கு மேல் அவர்கள் பதிவில் 1951-52இல் மட்டும்தான், 812. (அந்த 1952 ஜனவரியில்தான் 'சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' என்ற ரயில் டானர் கணவாய்ப் பக்கம் பனியில் சிக்கி, பயணிகளும் ஊழியர்களுமாக 200 பேருக்கு மேல் மூன்று நாள் உள்ளே தவித்தார்கள். நெடுஞ்சாலை மூடினால் திட்டுகிறவர்கள் அந்தப் பயணிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.) 2023 பிப்ரவரிக் கடைசியில் வந்த குளிர்ப்புயல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலை ஊர்களைப் பல நாள் பனியில் அடைத்துப் போட்டது. நம் பக்கம் அடிவார ஊர்களில்கூட வெள்ளை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மார்ச் 9, 10 தேதிகளில் வெப்பமான வளிமண்டல ஆறு ஒன்று அதன் மேல் வந்தது. தெற்கு சியராவின் கெர்ன், டூலி ஆறுகள் ஊருக்குள் புகுந்தன. நான் மேலே சொன்ன வரிசை இதுதான். குளிர்ப்புயல் சேர்த்துவைக்கும், வெப்பப்புயல் பூட்டை உடைக்கும்.

ஆனால் நம் பயணங்களுக்கு ஆபத்தானது சுத்தமான குளிரும் இல்லை, சுத்தமான வெப்பமும் இல்லை. ஒரே புயலுக்குள் நடக்கும் மாற்றம்தான். வழக்கமான அமைப்பில் முன்னே வெப்பமான ஈரப்பட்டை, பின்னே குளிர்முகப்பு, அதாவது தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு. வெள்ளி மாலை நீங்கள் ஃபோல்சமில் கிளம்பும்போது பனிமட்டம் 7,500 அடி. வழியெல்லாம் மழை. "பனியே இல்லையே, டயரில் மாட்டும் செயின் எதற்கு?" என்று தோன்றும். இரவு குளிர்முகப்பு கடக்கும்போது சில மணி நேரத்தில் பனிமட்டம் 4,000 அடிக்குச் சரிந்துவிடும். நனைந்த சாலை முதலில் கண்ணாடியாகும், அதன்மேல் பனி மூடும். நீங்கள் அப்போது ஸ்ட்ராபெரிக்கும் எக்கோ சம்மிட்டுக்கும் நடுவில், முன்னும் பின்னும் நின்றுபோன கார்களுக்கு மத்தியில், பின்னிருக்கையில் தூங்கும் குழந்தைகளோடு இருப்பீர்கள்.

இதில் இன்னொரு குறும்பும் உண்டு. கொட்டும் வேகம் கூடும்போது, விழுந்துகொண்டே உருகும் பனி சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் காற்று குளிர்ந்து, பனிமட்டம் அறிக்கை சொன்னதைவிட இன்னும் கீழே இறங்கும். 5,000 அடி என்று சொன்ன நாளில் பொல்லாக் பைன்ஸில் பனி கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கண்காணிக்கக் கோல்ஃபாக்ஸ், ஓரவில் போன்ற இடங்களில் வானத்தை நேராகப் பார்க்கும் ரேடார்களை வைத்திருக்கிறார்கள். பனி உருகும் உயரத்தில் எதிரொலி பளிச்சென்று கூடும், அதை வைத்து இந்த நிமிடம் பனிமட்டம் எங்கே என்று சொல்லிவிடலாம். அந்த வரைபடம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் அக்கறையில் கால்வாசி போதும்.

புயலுக்குள் நடக்கும் வரிசை பனிச்சரிவையும் தீர்மானிக்கிறது. வெப்பமாக ஆரம்பித்துக் குளிர்ந்து முடியும் புயல் அடியில் கனமான பனியையும் மேலே லேசான பனியையும் போடும், அது ஓரளவு பிடித்து நிற்கும். குளிராக ஆரம்பித்து வெப்பமாக முடிந்தால் பஞ்சின் மேல் சிமெண்ட் மூட்டை அடுக்கிய கதை. சரிவுக்கு அது போதும். நம்மில் பெரும்பாலோர் பனிச்சறுக்கு மையத்தின் வேலிக்குள் இருப்பவர்கள்தான். ஆனால் சமீபமாகப் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே நடக்கும் குடும்பங்கள் கூடிவிட்டன. சாலையோரச் சரிவுகளில் குழந்தைகளைச் சறுக்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சியரா அவலாஞ்ச் சென்டர் குளிர்காலத்தில் தினமும் காலையில் அறிக்கை வெளியிடுகிறது. ஐந்து நிமிட வேலை.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவிலிருந்து நெவாடா வழியாக உள்நிலத்திலேயே இறங்கும் புயல் கடலைத் தொடாததால் ஈரமற்றது. காற்றும் குளிரும் மட்டும் கொடுக்கும், மேற்குச் சரிவுக்குப் பனி அனேகமாக இருக்காது. மற்றது, மேல்காற்றோட்டத்திலிருந்து துண்டித்துக்கொண்டு தென் கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் போக்கிரிபோல் சுற்றும் தாழ்வழுத்தம். இது எங்கே போகும் என்று கணிப்பவர்களே தலையைச் சொறிவார்கள். தெற்கு சியராவுக்குக் கொடுத்துவிட்டு நமக்கு நாமம் போடுவதும் உண்டு.

இப்போது இரண்டாவது வகைச் செய்திக்கு, அணை விஷயத்துக்கு வருகிறேன்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 50ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில், எக்கோ சம்மிட்டுக்கு முன்னால் இருக்கும் ஃபிலிப்ஸ் என்ற பனி அளவிடும் இடத்தில், காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டு நகரங்களுக்கு 25 விழுக்காடு தண்ணீர்க் குறைப்பை அறிவித்தார். வழக்கமாக அந்த நாளில் அங்கே ஆள் உயரத்துக்கு ஏறத்தாழப் பனி இருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் பனியின் நீரளவு சராசரியில் 5 விழுக்காடு. இதைவிட உறுத்துவது, வட சியராவில் அந்த ஆண்டு விழுந்த மொத்த நீர் சராசரியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருந்தது என்பது. அங்கே பெருமளவு நீர் வந்துதான் இருந்தது. வந்த சில புயல்கள் வெப்பமானவை. பனியாகத் தங்கி மே, ஜூனில் இறங்கி வரவேண்டியது பிப்ரவரியிலேயே மழையாக ஓடிவிட்டது.

கலிபோர்னியாவுக்குப் பனி ஒரு கட்டணமில்லா அணை. மாநிலம் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைச் சியராப் பனி கொடுக்கிறது. கான்கிரீட் அணைக்கு இரண்டு வேலைகள், அவை ஒன்றுக்கொன்று சண்டை போடுபவை. வெள்ளத்தைப் பிடிக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். கோடைக்குச் சேர்க்க வயிறு நிறைய வேண்டும். வெப்பப்புயல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற மாதங்களில் முதல் வேலைக்குத்தான் முன்னுரிமை.

ஃபோல்சமின் கணக்கை ஒரு கை போட்டுப் பாருங்கள். அணைக்கு மேலே அமெரிக்கன் ஆற்றின் நீர்ப்பிடிப்பு சுமார் 1,860 சதுர மைல். அதன் மேல் ஓர் அங்குல நீர் முழுவதும் ஓடி வந்தால் ஏறக்குறைய ஒரு இலட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி). ஏரியின் மொத்தக் கொள்ளளவு பத்து இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஓர் அங்குலத்துக்கு ஏரியில் பத்தில் ஒரு பங்கு. பனிமட்டம் 4,000 அடியில் இருந்தால் நீர்ப்பிடிப்பின் பெரிய பகுதி பனியாக நிற்கும், வருவது கொஞ்சம். பனிமட்டம் 9,000 அடி என்றால் கிட்டத்தட்ட முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் ஏரியை நோக்கி ஓடிவரும். அறிக்கையில் இரண்டு புயலுக்கும் "ஐந்து அங்குலம்" என்றே போட்டிருக்கும்.

இந்த ஆறு இதைப் பலமுறை காட்டியிருக்கிறது. அணை கட்டி முடியும் தறுவாயில், 1955 டிசம்பரில், நிரம்ப ஓர் ஆண்டு ஆகும் என்று நினைத்த ஏரி ஒரு வாரத்தில் நிரம்பியது. 1986 பிப்ரவரியில் பத்து நாள் தொடர்ந்த வெப்பமழையில், கீழ்க்கரைகள் தாங்கும் என்று வடிவமைத்த நொடிக்கு 1,15,000 கன அடியையும் மீறித் திறந்துவிட வேண்டியதாயிற்று. சாக்ரமெண்டோ நகரம் அன்று தப்பியது மயிரிழையில். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பழைய மதகுகளைவிட 50 அடி தாழ்வாக ஆறு மதகுகளோடு ஒரு துணை உபரிநீர் வழி கட்டினார்கள். 2017இல் முடிந்தது. தாழ்வாக இருப்பதன் பயன், ஏரி நிரம்பும் வரை காத்திருக்காமல் புயலுக்கு முன்னாலேயே நீரை இறக்கலாம். 2019இல் வந்த இயக்க விதிகள் வரப்போகும் நீர்வரத்தின் முன்கணிப்பைப் பார்த்து 4 முதல் 6 இலட்சம் ஏக்கர் அடி வரை இடம் ஒதுக்கச் சொல்கின்றன.

ஆகவே, வெயில் அடிக்கும் ஒரு ஜனவரி மதியத்தில் அணையிலிருந்து நீர் பாய்ந்தால், நான்கு நாளில் வரப்போகும் புயலின் பனிமட்டத்தை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. முன்னாலேயே திறந்திருக்கலாமே என்று அங்கே கேட்ட நாம்தான், இங்கே முன்னாலேயே திறந்தால் வீணடிக்கிறார்கள் என்கிறோம். எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. புயல் வராமல் பொய்த்துப்போய், இறக்கிய நீர் திரும்பக் கிடைக்காத ஆண்டுகளும் உண்டு. முன்கணிப்பில் பனிமட்டம் ஆயிரம் அடி தவறினால் நீர்வரத்துக் கணக்கு எங்கோ போய்விடும். அதைப் பற்றி நீர்வாரியக் கூட்டங்களில் போய்க் கேளுங்கள், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். கேட்கும்போது மழையளவோடு பனிமட்டத்தையும் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பது. குழு நடத்துபவர்களே, டாஹோ பயணச் செய்தியில் அங்குலத்தோடு மூன்று விவரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: கிளம்பும்போது பனிமட்டம், திரும்பும்போது பனிமட்டம், குளிர்முகப்பு கடக்கும் நேரம். மேற்குச் சரிவுக்குத் தேசிய வானிலைச் சேவையின் சாக்ரமெண்டோ அலுவலகமும், டாஹோ பக்கத்துக்கு ரீனோ அலுவலகமும் எழுதும் அறிக்கையில் இவை இருக்கும். படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அணைச் செய்தியை முன்னனுப்பும் முன் அடுத்த ஐந்து நாள் பனிமட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

சுற்றுலா ஏற்பாடு செய்பவர்களே, இருபது குடும்பம் முன்பணம் கட்டிவிட்டது என்பதற்காக வெள்ளி இரவே கிளம்ப வைக்காதீர்கள். குளிர்முகப்பு கடந்து, சாலை சுத்தம் செய்தபின் சனி மதியம் போனால் பனியும் நன்றாக இருக்கும். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் செயினை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள், 'ஆர் டூ' என்ற இரண்டாம் நிலைச் செயின் கட்டுப்பாட்டில்கூட அந்தக் கார்கள் பனி டயரோடு செயினை வண்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 

நட்டோமாஸ் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பது ஆற்றுக்கரைகள். அவற்றை உயர்த்திப் பலப்படுத்தும் வேலை நடந்திருக்கிறது, நடக்கிறது. ஆனாலும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தால் பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். பனிமட்டம் 9,000 அடி என்று அறிக்கை வரும் வாரத்தில் போய்க் கேட்டால் பயனில்லை. தீபாவளிக்கு முன்னால் கேட்டு முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஃபோல்சமிலிருந்து ஒரு பக்கத்து வீட்டுக்காரன்